மூன்றாம் தொட்டியின் கதவு

அத்தியாயம் 9

ஆறு நாளாகியும் எறும்புகள் போகவில்லை.

காலையில் எழுந்ததும் எஸ்லின் முதலில் பார்த்தது அவற்றைத்தான். வாசற்படியில் தொடங்கி, செருப்புகளைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து, அப்பா படுத்திருந்த பாய்வரை ஒரு கறுப்புக் கோடு. பாயை மாற்றியாயிற்று. வீட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவியாயிற்று. அப்பா நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறார். ஆனாலும் எறும்புகள் அவரைத்தான் தேடி வந்தன.

மைக்கேல்ராஜ் கண்ணைத் திறந்து, முழங்கையில் ஏறிய ஒன்றை ஊதித் தள்ளினார்.

“டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துதான் எனக்கு சுகருன்னு சொன்னாரு. இதுங்களுக்கு வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு பாரு.”

எஸ்லின் சிரிக்கவில்லை. போன வாரம்வரை அப்பாவின் பேச்சுக்கு இந்த வீட்டில் முதலில் சிரிக்கிறவள் அவள்தான்.

திங்கட்கிழமை நடந்ததை அவள் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்க்காத நாள் இல்லை. ஜூஸ் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. எதையும் நேரம் போட்டு எழுதித்தான் பழக்கம். இதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், எங்காவது ஒரு வரி விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்தோடு.

காலை ஒன்பது பத்து. நாகரசம்பட்டி சாலையில் அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் கம்பெனியில், மூன்றாம் நம்பர் தொட்டியின் அடிக்கதவு பிய்த்துக்கொண்டு போனது. இருபதடி உயரத்துக்கு நிரம்பியிருந்த மாம்பழக் கூழ் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கேட்டை வளைத்தது. மூன்று பைக்குகளைத் தள்ளிக்கொண்டு போனது. சாலையே மஞ்சளானது. அந்த மஞ்சளின்மேல், காலை நீட்டி உட்கார்ந்தபடி, சறுக்குமரத்தில் வரும் குழந்தை மாதிரி ஒருவர் வந்தார். சாலையைக் கடந்து டீக்கடை பெஞ்சில் மோதி நின்றார்.

அவர் ராஜப்பன். பக்கத்து வீடு. கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர். அப்பாவோடு ஏழு வருஷமாக ஒரே ஷிப்ட். ராஜப்பன் மனைவி ராஜலட்சுமி அப்பாவை அண்ணா என்று கூப்பிடப் போய், ராஜப்பனுக்கு அப்பா மச்சானாகி, எஸ்லினுக்கு ராஜப்பன் மாமாவாகிவிட்டார்.

டீக்கடையில் நின்றிருந்த தம்பி மேக்ஸ்வெல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். ராஜப்பன் எழுந்து நின்று, முகத்தை வழித்து, விரலை நக்கிப் பார்த்து, இனிப்பு பத்தவில்லை என்று கையை ஆட்டியதுவரை. அதன்மேல் கிரிக்கெட் வர்ணனை மாதிரிப் பேசிப் போட்டான். சாயங்காலத்துக்குள் பதினோரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பதினோரு லட்சம் பேரும் பார்க்காதது ஒன்று உண்டு. ராஜப்பன் சிரித்துக்கொண்டே நடந்து வந்து எஸ்லினின் வாசலில் நின்றார். பத்து நிமிடம் பேசினார். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு எழுந்து வந்து, “என்னடா மாப்ள, உன்னையே ஊறுகா போட்டுட்டாங்களா?” என்றார். ராஜப்பனும் சிரித்தார். “பரவாகில்ல மச்சான்” என்றார், அவருடைய வழக்கமான கன்னடக் கலப்பில். பிறகு படியில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடினார்.

இன்னும் திறக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று ஒசூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கீழே விழுந்து எழுந்தவர் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசுவார், நடப்பார், பிறகுதான் சாய்வார் என்றார்கள்.

வாசலில் அவருடைய கால்தடம் இன்னும் இருக்கிறது. ஏழு தடங்கள். சிமென்ட்டில் மஞ்சள் ஏறிவிட்டது. அம்மா ஆரோக்கியசெல்வி தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இடது கால் தெளிவாக விழுந்திருந்தது. வலது கால் மட்டும் ஒவ்வொரு தடத்திலும் நீளமாக இழுபட்டிருந்தது.

அன்றைக்கு அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஐந்தரைக்கே ஒசூர் கார்மெண்ட்ஸ் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். மேக்ஸ்வெல் உள்ளறையில் போர்வையை இழுத்து மூடிக் கிடந்தான். மூன்று நாளாக அவன் ஃபோனைக் கையில் எடுப்பதில்லை.

அப்பாவுக்கு இன்று மூன்றரை மணிக்கு விசாரணை. தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். மேனேஜர் பாஸ்கரன் நேற்றே ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தனுப்பியிருந்தார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்.

‘தொட்டியைச் சுத்தம் செய்து கதவைக் கடைசியாக மூடியவர் ராஜப்பன். அவர் பெயர் எழுதிய சிவப்பு அட்டை கதவில் தொங்கியதை நான் பார்த்தேன்.’

கம்பெனியில் அது சட்டம். கதவை மூடுகிறவர் எட்டு நட்டையும் முறுக்கிவிட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைக் கைப்பிடியில் கட்ட வேண்டும். அட்டை கட்டியவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கதவைத் தொடக் கூடாது. பிய்ந்து விழுந்த கதவை டீக்கடைக்குப் பின்னால் முள்செடியில் கண்டெடுத்தபோது, அட்டை அதிலேயே இருந்தது. ராஜப்பன் என்று அவரே எழுதிய கோணல் எழுத்து.

“என்னைவிட நல்லா தமிழ் எழுதியிருக்கான் பாஸ்கரன்” என்று அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

டீ போடப் பால் எடுக்க எஸ்லின் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மாவுப் பாத்திரத்தை நகர்த்தினாள்.

பின்னால் அந்த டப்பா இருந்தது.

அப்பாவின் எவர்சில்வர் டப்பா. மூடியில் பெயர் வெட்டியது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வந்ததும் அப்பாவே உள்ளே வைத்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம் என்று அவள் விட்டுவைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாம்பழம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மூடியைத் திறந்தாள்.

குங்குமப்பூ நிறம். இரண்டு வருஷம் கண்ணாடிக் குவளையில் கூழைத் தூக்கிப் பார்த்த கண் அது. பெங்களூரா ரக மாம்பழம் இப்படி இருக்காது. அது வெளுத்த மஞ்சள். இது அல்போன்சா. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிக்கும்போது அவள் கையாலேயே பதிவேட்டில் எழுதியிருந்தாள்: தொட்டி ஒன்று, இரண்டு, பெங்களூரா. தொட்டி மூன்று, இரவு ஏற்ற வேண்டியது அல்போன்சா, இந்த வருஷத்தின் முதல் தடவை.

மூன்றாம் தொட்டியில் கூழ் எடுக்க இரண்டே வழி. சாம்பிள் குழாய்க்குப் பூட்டு உண்டு. சாவி ஆய்வகத்தில் இருக்கும். இன்னொன்று கதவு.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாதது. சீசனின் முதல் அல்போன்சா இறங்கும் இரவில், கூழ் முழங்கால் உயரம் ஏறுவதற்குள் அடிக்கதவைத் திறந்து ஒரு சொம்பு எடுப்பார்கள். தரையில் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியைப் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். முதல் சொம்பு எடுக்காத வருஷம் மோட்டார் எரியும் என்பார்கள். ஆய்வகத்துக்கும் தெரியும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் கேட்டதே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாறும்போது படிக்கட்டில் அப்பாவைப் பார்த்து, எனக்கும் கொஞ்சம் என்று சொன்னாள்.

கதவு ஒருமுறை திறக்கப்பட்டிருக்கிறது. ராஜப்பன் அட்டை கட்டியதற்குப் பிறகு.

அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. திங்கட்கிழமை, அப்பா எழுந்து வருவதற்குமுன், மஞ்சள் வழிய வாசலில் நின்று ராஜப்பன் மாமா சொன்ன வாக்கியம்.

“மச்சான எழுப்பாத, தூங்கட்டும். அந்த டப்பாவ மட்டும் கழுவி வெச்சிரு பாப்பா.”

அன்று அதற்கும் அவள் சிரித்தாள். தலைமுதல் கால்வரை கூழாக நிற்கிற மனிதர் டப்பாவைக் கழுவச் சொல்கிறாரே என்று.

எஸ்லின் மூடியைப் போட்டாள். டப்பாவை எடுத்த இடத்திலேயே, அதன் அடி பதிந்த வட்டத்தின்மேலேயே வைத்தாள். தான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம். அப்பா எட்டு நட்டையும் முறுக்கியிருக்கலாம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

பன்னிரண்டு மணிக்கு ராஜலட்சுமி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வந்தவள், தன் வீட்டைத் திறக்காமல் நேராக இங்கே வந்து, கால்தடங்களை மிதிக்காமல் தாண்டி உள்ளே உட்கார்ந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டாள். கறிக்கடைக்குப் போயிருக்கிறார் என்றாள் எஸ்லின். சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு ராஜலட்சுமி தலையை மட்டும் அசைத்தாள்.

“மேக்ஸு எங்க? அவன் எடுத்தத எனக்குக் காட்டச் சொல்லு.”

உள்ளறையில் போர்வை அசைந்தது. மேக்ஸ்வெல் எழுந்து வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது. அதை எடுத்துவிடப் போவதாகவும், தெரியாமல் போட்டுவிட்டதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“எடுக்காத. ஆஸ்பத்திரில நர்ஸுங்ககூட பாத்துட்டாங்க. நான்தான் பாக்கல. கொடு.”

அவன் கொடுத்தான். அவளுக்கு இருபுறமும் நின்றபடி இருவரும் பார்த்தார்கள். மஞ்சள் வெள்ளம். உட்கார்ந்தபடி வரும் உருவம். மேக்ஸ்வெல்லின் உற்சாகமான குரல். ராஜலட்சுமி குரலைக் குறைக்கச் சொல்லவில்லை. முடிந்ததும் மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை அவள் உதடு மெதுவாக விரிந்தது.

“பஸ்ஸுலகூட இப்படித்தான் உக்காருவாரு. ரெண்டு காலும் நடுவழியில. கண்டக்டரு தெனம் திட்டுவாரு.”

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறப் போகிறது என்று எஸ்லின் பயந்தாள். ஆனால் அது மாறவில்லை. விரலை நக்கும் இடத்தில் ராஜலட்சுமி படத்தை நிறுத்தி, திரையில் ஒட்டியிருந்த ஒரு எறும்பைத் தட்டிவிட்டு, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எளச்ச மாதிரியே இல்ல பாரு இதுல.”

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டவள், கதவருகே நின்றாள்.

“எஸ்லினு, இவரு கதவ சரியா மூடலன்னு கம்பெனில பேசிக்கறாங்க. போலீஸு வேற ரெண்டு நாளா வந்து நிக்குது. இவரு எழுந்தா கேஸு இவரு மேலதானாம். அண்ணன் கூடத்தான இருந்தாரு? இன்னிக்கு அண்ணன் சொல்லுவாரில்ல?”

எஸ்லின் ஏதோ சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது அவளுக்கு நினைவு வரவில்லை.

ஒசூருக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று மேக்ஸ்வெல் பைக் சாவியை எடுத்தான். ஐந்து நாளில் அவன் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

அப்பா திரும்பி வந்தபோது கறிப்பையோடு ஒரு கதையும் கொண்டுவந்தார். கறிக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும், இந்த வாரம் ஆட்டுக்குப் பதில் மாம்பழம் வெட்டலாமா என்று கேட்டாராம். சொல்லிக்கொண்டே திரும்பியவர், சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். டப்பா அதன் நடுவில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

கறிப்பை அவர் கையிலேயே தொங்கியது.

“திங்கக்கிழமை மாமா வாசல்ல நின்னு இதத்தான் கழுவச் சொன்னாருப்பா. நான் கழுவல. வெளாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்.”

மைக்கேல்ராஜ் உட்கார்ந்தார். கறிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அது என்னவென்றே தெரியாதவர் மாதிரி அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே சாலைக்கு அப்பால், கதவில்லாத மூன்றாம் தொட்டி வெயிலில் நின்றது. வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் சன்னல் வழியே அந்த ஓட்டை தெரியும்.

“எட்டு நட்டையும் நான்தான் தொறந்தேன்” என்றார். “அவன் படிக்கட்டுல நின்னு சூப்பர்வைசர் வராரான்னு பாத்துக்கிட்டிருந்தான். சொம்பு எடுத்து முடிக்கல, விசிலடிச்சான். நாலு நட்ட முறுக்கினேன். அவன் அட்டையவே திருப்பி மாட்டினேன். அங்கேருந்து நகந்துட்டேன்.”

“மீதி நாலு?”

“அதத்தான் பாப்பா ஆறு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்.” குரலில் விளையாட்டு ஒரு துளியும் இல்லை. “ராஜப்பா, இன்னும் நாலு இருக்குது, பாத்துக்கோடான்னு நான் சொன்னேன். சொன்ன மாதிரி இருக்குது. ஒரு நாளு என் கொரலு நல்லாக் கேக்குது. இன்னொரு நாளு கேக்கவே மாட்டேங்குது.”

விடிய விடியக் கூழ் ஏறியிருக்கிறது. அப்பா ஆறரை மணிக்கு டப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆள் வராததால் ராஜப்பன் அடுத்த ஷிப்டுக்கும் நின்றார். நான்கு நட்டுகள் ஒன்பது பத்துவரை தாங்கின.

“மாமாவுக்குத் தெரிஞ்சிருக்குப்பா. அதான் கழுவச் சொல்லியிருக்காரு.”

“என்ன தெரிஞ்சிருக்கு? நான் சொல்லவே இல்லன்னு தெரிஞ்சிருக்கு. இல்ல, நான் சொல்லி அவன் மறந்துட்டான்னு தெரிஞ்சிருக்கு.” அவர் டப்பாவைப் பார்த்தார். “எதுவா இருந்தாலும், தலைக்குள்ள ரத்தத்த வெச்சுக்கிட்டு என் டப்பாவப் பத்தி யோசிச்சிருக்கான். நான் அவன ஊறுகான்னேன்.”

நான் கேட்டதால்தானே எடுத்தீர்கள் என்று எஸ்லின் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. அதைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

மூன்று மணிக்குக் குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். பாஸ்கரனின் காகிதம் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டார்.

“நீயும் வா. வெளிய நில்லு போதும்.”

கம்பெனி வளாகத்தில் கூழ் காய்ந்து தோல் மாதிரி உரிந்து கிடந்தது. புளித்த வாடையும் குளவிகளும். தரையைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆட்கள் மைக்கேல்ராஜைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள். அவர் ஏதாவது சொல்வார், சிரிக்கலாம் என்று. அவர் சொல்லவில்லை. மண்வெட்டிகள் மறுபடி உரசத் தொடங்கின.

அலுவலக அறைக்கு அரைச் சுவர் கண்ணாடி. எஸ்லின் வெளித் தாழ்வாரத்தில் நின்றாள். உள்ளே ஆய்வாளர், அவருக்குப் பக்கத்தில் பாஸ்கரன், எழுதுவதற்கு ஒருவர். அப்பா எதிரே உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். குரல் எதுவும் வெளியே கேட்கவில்லை. பாஸ்கரன் பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டது மட்டும் தெரிந்தது.

கைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. மேக்ஸ்வெல்.

“அக்கா, மாமா கண்ணத் தொறந்துட்டாரு. பேசறாரு. ரெண்டு ரெண்டு வார்த்தையா.”

எஸ்லின் கண்ணாடியிலிருந்து விலகி, மறுகாதைப் பொத்திக்கொண்டாள்.

“போலீஸ்காரரு பக்கத்துலயே இருந்தாருக்கா. கதவுன்னு கேட்டதுமே, நான்தான் தொறந்தேன், நான்தான் சரியா மூடலன்னு சொல்லிட்டாரு. அத்தை அழுவறாங்க. அவரு பரவாகில்லங்கறாரு. எழுதி கைநாட்டுகூட வாங்கிட்டாங்க. அப்பாகிட்ட சொல்லிடு, இனி அவருக்கு ஒண்ணும் இல்ல.” அவன் மூச்சு வாங்கினான். “அப்பறம் உன்னக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. உன்ன மட்டும். அப்பா வேணாமாம்.”

“ஏன்டா?”

“தெரியல. நாலு விரலக் காட்டறாரு. பாப்பாகிட்டதான் சொல்லணும்ங்கறாரு.”

எஸ்லின் கண்ணாடியைப் பார்த்தாள். நான்கு எட்டு வைத்தால் கதவு. ஒருமுறை தட்டினால் போதும். அப்பா திரும்பிப் பார்ப்பார். காதில் சொன்னால் டப்பாவை மடியிலிருந்து எடுக்காமலே பேனாவை எடுக்கலாம். வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு வைக்கலாம். ராஜப்பன் மாமா அதைத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

எது சரி என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எப்போதுமே அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்ததில்லை. ஆனால் ஏழு கால்தடங்கள் தெரிந்தன. வலது கால் ஒவ்வொரு தடவையும் இழுபட்டதை அவள் பார்த்துக்கொண்டே சிரித்ததும் தெரிந்தது.

“நான் வரேன். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன், நீ அவருக்கு ஃபோன் பண்ணாத” என்று சொல்லி, ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அங்கேயே நின்றாள்.

உள்ளே அப்பா பாஸ்கரனின் காகிதத்தை எடுத்து, நான்காக மடித்து, மேசையில் வைத்தார். அதன்மேல் டப்பாவை வைத்தார், சூடான பாத்திரத்துக்கு அடியில் துணி வைப்பதுபோல. மூடியைத் திறந்தார். ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். அப்பா ஏதோ சொன்னார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கரன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். ஒரு கையின் நான்கு விரல்களை மேசைமேல் வைத்தார். இன்னொரு கையின் நான்கு விரல்களை மடக்கிக்கொண்டார்.

முதலில் ஆய்வாளர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு எழுதுகிறவர். கடைசியாகப் பாஸ்கரன்.